நாலாம் காம்பராக் கையெழுத்து

ஹட்டன்,
ஒக்டோபர் 3, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஷாமிலா அப்பாவுக்கு,

கடிதம்னா முதல்ல சுகம் விசாரிக்கணும். நீங்க சுகமா இருக்கிறதை நேத்து டிவி செய்தியிலேயே பார்த்துட்டேன். ஏதோ கட்டடத்தைத் திறந்து ரிப்பன் வெட்டிக்கிட்டு நின்னீங்க. கன்னம் கொஞ்சம் ஊதியிருக்கு, சட்டை புதுசு. இங்க நானும் மகளும் சுகம். அவளுக்கு இருமல் விட்டுருச்சு, மழைதான் விடல.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்துல எதுக்கு இவ கடிதம் எழுதுறான்னு நினைப்பீங்க. உங்க போனை இப்ப உங்க செயலாளர் உமாசுதன்தான் எடுக்கிறார். பிரதி அமைச்சர் ஐயா கூட்டத்தில நிக்கிறார் அக்கா, பிறகு எடுப்பார்னு ரொம்ப மரியாதையாத்தான் சொல்றார். வாட்ஸ்அப்ல நான் நாலு பத்தி எழுதினா நீங்க பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புறீங்க. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு கட்டைவிரல் போதும்னு முடிவு பண்ணிட்டீங்க போல. எனக்குப் போதாது. அதனால பேனாவை எடுத்துட்டேன், முடிக்கிற வரைக்கும் வைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஈரக்கல் தேயிலைத் தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உமாசுதன் உங்களுக்கு அவர் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேளுங்க. விடிஞ்சும் விடியாம, அங்க கொழுந்து பறிக்கிற அழகம்மாக்கா போன் பண்ணுனாங்க. லோயரம்மா, நம்ம ஐயா ஆள் அனுப்பியிருக்காரு, கையில பேப்பர் வச்சிருக்காரு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்த சனத்தை வேலைக்குப் போக விடாம நிறுத்தி வச்சிருக்காரு, உடனே வாங்கன்னு கூப்பிட்டாங்க. மகளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஒரு த்ரீவீல் பிடிச்சுப் போனேன். திம்புள்ளப் பக்கம் ஒரே பனி, ரோடு தெரியல. நான் போய் இறங்குறப்ப பெரட்டுக் களத்துல பொம்பளைங்க கொழுந்துப் பையை மாட்டிக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. படிக்கட்டு மேல உமாசுதன். ஒரு கையில ஃபைல், இன்னொரு கையில கைநாட்டு வைக்கிற மைப்பெட்டி.

பேப்பர் மூணு பக்கம், மூணும் சிங்களத்துல. ஐயா அனுப்பினது, கம்பனி போட்ட வழக்கு நல்லபடியா முடியப் போகுது, ஆளுக்கு ஒரு கையெழுத்து போதும்னு அவர் சொல்லியிருக்கார். அழகம்மாக்கா தமிழ்ல வாசிக்கச் சொல்லியிருக்காங்க. இது வெறும் படிவம்தான் அம்மா, வாசிக்க நேரமில்லைன்னிருக்கார். அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க லோயர் ஐயா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டு வச்சிருக்காரு தம்பி, தமிழ்ல வாசிச்சுக் காட்டாத பேப்பர்ல கை வைக்கக் கூடாது, நானே நேர்ல வந்து கேட்டாலும் வைக்கக் கூடாதுன்னு, அவரே வந்தாலும் கிடையாதுங்கிறப்ப அவரு அனுப்புன ஆளுக்கு எப்படி வைக்கிறதுன்னு கேட்டிருக்காங்க. களமே சிரிச்சுச்சாம். உமாசுதன் முகத்தை நான் பார்க்கக் கொடுத்து வைக்கல.

அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்ன கூரைத் தகரம் தர்றோம்னு சொல்லி தோட்டக் கம்பனி ஒரு பேப்பர் கொண்டு வந்துச்சு. ஒழுகுற லயத்து வீடுகளுக்குத் தகரம் கிடைக்குதேன்னு பதினெட்டுக் குடும்பமும் வாசிக்காம வரிசையில நின்னு கைநாட்டு வச்சாங்க. தகரமும் வந்துச்சு. ஆனா அந்தப் பேப்பர்ல, நாங்க இந்த லயத்துல கம்பனியோட தயவுலதான் இருக்கோம், எப்ப எழும்பச் சொன்னாலும் எழும்புறோம்னு இருந்துச்சு. மலை மேல ஹோட்டல் கட்ட ஆசை வந்ததும் அதே பேப்பரைத் தூக்கிக்கிட்டுத்தான் கம்பனி வழக்குப் போட்டுச்சு. அன்னைக்கு நீங்க அதே பெரட்டுக் களத்துல நின்னு தொண்டை கட்டுற வரைக்கும் திட்டினீங்க. உங்க திட்டு வீண் போகல பார்த்தீங்களா, சனம் நல்லாவே கத்துக்கிச்சு.

கடைசியில நான்தான் வாசிச்சேன். என் புருஷன் அனுப்பின பேப்பரை அவரோட வழக்குக் கட்சிக்காரங்களுக்கு நான் நின்னு சிங்களத்துல பார்த்துத் தமிழ்ல சொன்னேன். நாலாவது பிரிவு, பதினெட்டுக் குடும்பமும் சொந்த விருப்பத்துல மூணு மாசத்துல லயத்தை விட்டுப் போகணும். அஞ்சாவது, புது வீடு கட்டுற வரைக்கும் கீழ்ப் பிரிவுல தற்காலிகக் கொட்டில். ஆறாவது, லயத்து மேலயும் மரக்கறித் தோட்டத்து மேலயும் இனி எந்த உரிமையும் கேட்கக் கூடாது. வீடு எப்ப, எங்க, யார் பேருக்குன்னு மூணு பக்கத்துலயும் ஒரு வரி இல்லை. அடியில அவங்க சார்பா ஆஜராகுற லோயர்னு உங்க பேரு. வெட்கமா இருந்துச்சுங்க. கல்யாணத்துக்குப் பிறகு உங்களை நினைச்சு நான் வெட்கப்பட்டது அன்னைக்குத்தான்.

பேர் பட்டியலையும் வாசிச்சேன். இலக்கம் நாலு, பொன்னையா. உங்க அப்பா கூட்டத்துக்குப் பின்னால அந்தப் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னாங்க. நம்ம வீட்டோட வந்து இருங்கன்னு நாம எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம். நீங்க பிறந்த அந்த ஒத்தை அறையை, நாலாம் காம்பராவை விட்டு வர மாட்டேன்னுட்டாங்களே. அவங்க பேரை வாசிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தேன். மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் திரும்பக் கட்டிக்கிட்டு நடந்து போயிட்டாங்க.

அன்னைக்கு மத்தியானம்தான் அதிசயமா போன் உங்க கைக்கு வந்துச்சு. நீங்க பேசினதை நான் மறக்கல. அரசாங்கத்துக்குள்ள இருந்தாத்தான் நம்ம சனத்துக்கு எதையாவது செய்ய முடியும், வெளியில நின்னு கத்தினவங்க இத்தனை வருஷமா என்னத்தக் கண்டாங்கன்னு கேட்டீங்க. பத்தாயிரம் வீட்டுத் திட்டம் கையெழுத்தாகப் போகுது, பதினெட்டுக் குடும்பத்துக்காக அதைக் குழப்பிராதன்னீங்க. அதுல நியாயம் இல்லைன்னு நான் சொல்லல. நீங்க பொய் பேசுற ஆளும் இல்லை. உங்களுக்கு ஓட்டுக் கேட்டு லயம் லயமா ஏறி இறங்கினவ நான், லோயர் பாராளுமன்றத்துக்குப் போனா சட்டம் எழுதுற இடத்துலயே நமக்கு ஆள் இருக்கும்னு நம்பிச் சொன்னவ நான். ஆனா எங்களுக்காகப் பேசுங்கன்னு அந்தப் பத்தாயிரம் பேரும் உங்ககிட்ட ப்ரொக்ஸி எழுதித் தரலங்க. இந்தப் பதினெட்டுக் குடும்பம் தந்திருக்கு. பெரிய பானையில சோறு வேகுதுன்னு சொல்லிக் கையில இருக்கிற தட்டைப் பிடுங்கலாமா?

அமைச்சர் பெண்டாட்டி அரசாங்கம் சம்மதிச்ச திட்டத்துக்கு எதிரா கோர்ட்டுல நின்னா பத்திரிகைக்காரன் சிரிப்பான்னீங்க. சிரிக்கட்டும். கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, நீ எழும்பி நின்னா நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு. நல்ல கூத்து! சித்திரைக்கு வந்து ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போன மனுஷன் வரமாட்டேன்னு என்னைப் பயமுறுத்துறீங்க. போனை வச்சுட்டு அழுதேன், அதை மறைக்க மாட்டேன். அழுது முடிச்சு முகத்தைக் கழுவிட்டு வழக்கு ஃபைலை எடுத்து மேசையில வச்சேன்.

இப்ப லோயருக்கு லோயரா பேசுறேன். நீங்க எம்.பி. ஆன பிறகு இந்த வழக்கை மூணு தடவை கூப்பிட்டாச்சு. மூணு தடவையும் நான் எழும்பி, ஐயா வரல, வேற திகதி தாங்கன்னு கெஞ்சினேன். வாதாட எனக்கு உரிமை இல்லை, ப்ரொக்ஸி உங்க ஒருத்தர் பேர்லதான் இருக்கு. பதினாலாம் திகதி கடைசித் தவணை, அன்னைக்கும் லோயர் ஆஜராகலைன்னா ஒருதலைப்பட்சமா முடிவெடுக்க வேண்டி வரும்னு நீதிபதி சொல்லிட்டார். அதாவது நீங்க வரலைன்னா, கம்பனி லோயர் வாயைத் திறக்காமலே லயத்தை வாங்கிட்டுப் போயிருவார். நீங்க கையெழுத்துப் போட்டு அந்த லயத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, கொழும்புல சும்மா இருந்தாலே போதும். அது உங்களுக்குத் தெரியும். அதுதான் எனக்கு வலிக்குது.

இதை நான் களத்துலயே சனத்துக்கு விளக்கிச் சொன்னேன். ப்ரொக்ஸின்னா, எங்க வாயா இருந்து இவர் பேசலாம்னு நீங்க எழுதிக் கொடுத்த பேப்பர், இப்ப அந்த வாய் கொழும்புல இருக்கு, நீங்களே எழுதித் திருப்பி வாங்கினாத்தான் வேற ஆள் பேசலாம்னேன். அப்படின்னா நம்ம ஐயாவை நிறுத்துற மாதிரி ஆயிருமேன்னு ரொம்பப் பேர் தயங்கினாங்க. உங்க மேல அவ்வளவு பாசம் வச்சிருக்காங்க, தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றோம்னு கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க.

இந்தக் கடிதத்தோட ரெண்டு பேப்பர் வச்சிருக்கேன். ஒண்ணு, நீங்களா இந்த வழக்குல இருந்து விலகிக்கிறதுக்குச் சம்மதம். கையெழுத்துப் போட்டு அனுப்பினா, கௌரவமா முடிஞ்சிரும். மற்றது, அவங்க உங்களை விலக்குறதுக்கான மனுவோட பிரதி. மூலத்தைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டி அவங்க கையில கொடுத்திருக்கேன், இன்னும் கையெழுத்து வைக்கல. நீங்க எதுவும் செய்யலைன்னா அதை நான் கோர்ட்டுல போடுவேன். ஒரு சம்சாரம் புருஷனுக்கு அனுப்புற முதல் நோட்டீஸ் இதுவாத்தான் இருக்கும். மூணாவதா ஒரு வழியும் இருக்கு. நீங்களே வந்து எழும்பி நின்னு, நான் இவங்களுக்காக ஆஜராகிறேன்னு ஒரே ஒரு வரி சொல்றது. பதவி போனா போகட்டும்ங்க. அது இல்லாமலும் நாம நல்லாத்தானே இருந்தோம்.

போன மாசம் கொழும்பு போய்த் திரும்புறப்ப கினிகத்தேனையில நீங்க எப்பவும் டீ குடிக்கிற கடையில பஸ்ஸை நிப்பாட்டினாங்க. முதலாளி என்னைக் கண்டுட்டு, லோயர் மாத்தயா இப்பெல்லாம் நிக்கிறதே இல்லையே, ஜீப்பு போற சத்தம் மட்டும்தான் கேக்குதுன்னு சிங்களத்துல குறைப்பட்டார். வேலை கூடன்னு சொல்லிச் சமாளிச்சேன். உங்களுக்காக நான் சொல்ற சமாளிப்பெல்லாம் தீர்ந்து போச்சு.

உங்க கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கேன். ஷாமிலா அதுல புதுப் பொத்தான் வச்சுத் தச்சிருக்கா, கொஞ்சம் கோணல்தான், திட்டாதீங்க. நான் ரொம்பக் காலத்துக்குப் பிறகு என் கோட்டையும் எடுத்து உதறிக் காத்தாட மாட்டினேன். பதினாலாம் திகதி ரெண்டுல ஒண்ணு கோர்ட்டுக்குப் போறது நிச்சயம். நான்தான் போக வேண்டியிருந்தா, எதிர்த்தரப்பு எப்படிக் கேட்டாலும் தடுமாறாம பேசணும்னு மனசுக்குள்ளயாவது எனக்கு வாழ்த்துச் சொல்லுங்க. எனக்குப் பேசக் கத்துக் கொடுத்த ஆள் நீங்க. உடம்பைக் கவனிச்சுக்கோங்க.

கோபம் தீராத, பாசமும் தீராத,
உங்கள்
ஜெயந்தினி கஜேந்திரன்,
சட்டத்தரணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போற நேரம் மாமா வந்து நிக்கிறாங்க. மழையில நனைஞ்சு, ரெண்டு பஸ் மாறி, தனியா. சட்டைக்குள்ள பொலித்தீன் பையில சுத்தி அந்த மனுவைக் கொண்டு வந்திருக்காங்க. பதினெட்டுக் குடும்பமும் வச்சாச்சு. எல்லாரும் லோயர் ஐயாவுக்கு எதிரா யார் முதல்ல வைக்கிறதுன்னு தயங்கிக்கிட்டு இருந்தாங்களாம். மாமாதான் பேனாவை வாங்கியிருக்காங்க. முதல் கையெழுத்து நாலாம் காம்பரா. கைநாட்டு இல்லைங்க, கையெழுத்து. நீங்க மூணாம் வகுப்புல இருக்கிறப்ப உங்க சிலேட்டுல எழுதிக் கொடுத்துப் பழக்குனீங்களே, அதே பொன்னையா. இதுவரைக்கும் சம்பளச் சீட்டுக்கு மட்டும் போட்ட கையெழுத்து.

அப்பனே மகனை நிறுத்தினதா ஊர் பேசுமே மாமான்னு கேட்டேன். அவன் எனக்கு மகன்தான், ஆனா கோர்ட்டுல நான் அவனோட கட்சிக்காரன், கட்சிக்காரனைப் பார்க்க வராத லோயர் எனக்கு வேணாம்னாங்க. ஒரு கப் டீ குடிச்சாங்க. கிளம்புறப்ப வாசல்ல நின்னு உங்களுக்கு ஒண்ணு எழுதச் சொன்னாங்க. சொன்னபடியே எழுதுறேன். பதினாலாம் திகதி எந்தப் பக்கத்துல நின்னாலும் சரி, காலையில சாப்பிட்டுட்டு வரச் சொல்லு, என் மகன் கோர்ட்டுல பசியோட நிக்கக் கூடாதுன்னாங்க.