மலைக் காற்றுக்கு ஓர் எஞ்சின்

சமையலறை ஜன்னலில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அந்த ஸ்பார்க் பிளக் இன்னும் இருக்கிறது. நீ வைத்த இடத்திலேயே. விருந்துக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதெதுக்குங்க அடுப்படீல?" என்று கேட்கிறார்கள். இன்று காலை எடுத்தபோது விரலெல்லாம் கரி. மோந்து பார்த்தேன். அந்தப் பெட்ரோல் வாசம் எப்போதோ போயிருக்க வேண்டும், ஆனாலும் எனக்கு அடித்தது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். பேச ஆரம்பித்தால் நீ என்னை முடிக்க விட்டதே கிடையாது. இன்றைக்காவது முழுக்கக் கேள்.

முப்பது வருஷத்துக்குமேல் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள் நாம். ஓய்வு பெற்ற கையோடு நான் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன். நீ ஊட்டி பெர்ன்ஹில்லில் உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்து தார்ப்பாயை இழுத்தாய். உள்ளே மேற்கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஊரை விட்டுப் போன எஸ்டேட் மேனேஜர் ஒருவர், பஜாரில் உதிரிபாகக் கடை வைத்திருந்த உன் அப்பாவிடம் விட்டுப்போனது. அப்பா இருந்தவரை ஓட்டினார். அவருக்குப் பிறகு நின்றது நின்றபடியே எஞ்சின் இறுகிப்போய்விட்டது.

"மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு இத நானே ஏத்திக் கொண்டாரணும் புள்ள. இதோட சொந்த எஞ்சின்லயே. என்ற நெஞ்சு நிக்கறதுக்குள்ள" என்றாய்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் இதய வால்வு சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தது நம் இருவருக்கும் தெரியும். மார்க்கெட்டிலிருந்து மேடேறி வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மலையை ரசிப்பதுபோல் பாவனை செய்வாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர், குந்தா பவர் ஹவுஸில் காலமெல்லாம் ஜீப்பில் போய்வந்தவர், உடனே தீர்ப்புச் சொன்னார். "ஏம்மா இந்த வம்பு? ஒரு ஜீப்பு டீசல் எஞ்சினத் தூக்கி வெச்சாப் போச்சு. ஏத்தத்துக்கு அதுதான் இழுக்கும்." மலையில் பாதிப் பழைய வண்டிகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே வேறொருத்தர் குடியிருப்பார். நீ சொன்னாய்: "குதிரைக்கு எருமைக் கால் வெச்சா அது உழவுக்கும் ஆகாது, ஓட்டத்துக்கும் ஆகாதுங்கண்ணா." அவர் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தது நம் வொர்க்‌ஷாப் படலம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை படி ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள். பஸ்ஸில் போவோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். "பாத்தாலும் வளையும், பாக்காட்டியும் வளையும். பாத்துட்டுத்தான் வாயேன்" என்பாய். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து வளைவுக்குப் பயப்படுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஊட்டியில் முதலில் போன இடத்தில் அந்த ஆள் நமக்குப் பின்னால் யாரையோ தேடினார். "ஊட்டுக்காரரு வரலீங்களா?"

"ஊட்டுக்காரரே இல்லீங்க. காரு மட்டுந்தான் இருக்குது. அதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் கடைசிவரை என்னைப் பார்த்தேதான் பதில் சொன்னார். என் கழுத்தில் தாலி இருந்ததாலோ என்னவோ. எனக்கோ கிளட்ச் எது, பிரேக் எது என்றே தெரியாது. நான் தலையாட்டத் தலையாட்ட உனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எந்த ஷாப்புக்குப் போனாலும் நீ இரண்டு காரியம் செய்வாய். முன்னால் நிறுத்தியிருக்கும் பளபளப்பான வண்டிகளைத் திரும்பியும் பார்க்க மாட்டாய். நேரே பின்கட்டுக்குப் போய், கழட்டிப் போட்ட எஞ்சின்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்ப்பாய். திறந்த வாயோடு தூசியில் கிடக்கிறதா, துணி மூடியிருக்கிறதா; இந்த வண்டியின் நட்டும் அந்த வண்டியின் நட்டும் ஒரே டப்பாவில் குடும்பம் நடத்துகின்றனவா, தனித்தனி தட்டில் இருக்கின்றனவா. பிறகு ஒரு கேள்வி. "முடியாதுன்னு நீங்க திருப்பி அனுப்புன வேல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கோயமுத்தூரில் அந்தக் கண்ணாடி மாளிகை ஷாப்பில் ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். உன் கேள்விக்கு அந்தப் பையன் மார்பை நிமிர்த்தி, "எங்களால முடியாததுன்னு எதுவுமே கெடையாதுங்க மேடம்" என்றான். நீ காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தாய். வெளியே வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாம் முடியும்ங்கறவன் எதையும் முழுசாப் பாத்திருக்க மாட்டான்."

அப்புறம்தான் சாமிநாதன். கோயமுத்தூரிலேயே மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் ஷாப் வைத்திருந்தார். இன்ஜினியரிங் படித்தவர், நாற்பது வயதிருக்கும், எதற்கும் சட்டென்று பதில் சொல்லாத மனிதர். பின்கட்டில் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வண்டி நம்பரும் சொந்தக்காரர் பேரும் ஒட்டியிருந்தது. உன் கேள்வியைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு வண்டிய அனுப்பியிருக்கேனுங்க. ஒண்ணுக்கு எஞ்சின் பிளாக்குல வெடிப்பு, ஒட்டவெச்சாத் தாங்காது. இன்னொண்ணு அந்தப் பார்ட்டி அவசரப்பட்டாருங்க." நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை முடிந்தாயிற்று என்று.

எஞ்சினை மட்டும் இறக்கிக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன், ஊட்டியில் யாரையாவது வைத்து மாட்டிக்கொள்ளுங்கள், செலவு குறையும் என்றார் அவர். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "செஞ்சது ஒரு கை, மாட்டுனது ஒரு கைன்னா, நாளைக்கு எண்ணெ ஒழுகுனா ரெண்டு பேரும் அடுத்தவனக் கை காட்டுவாங்க. நீங்களே பண்ணி, நீங்களே மாட்டிக் குடுங்க." வண்டி லாரியில் இறங்கிப் போனது.

பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வரக் காத்திருந்தோம். அந்த நாட்களில் உனக்கு மூச்சு வாங்குவது கூடியது. "அவசரப்பட்டா நம்மளையும் திருப்பி அனுப்பிப் போடுவாரு" என்று நீயே என்னை அடக்குவாய். கடைசியில் எஞ்சின் உயிர்த்தது. புது எஞ்சினை உடனே மலையேற்றக் கூடாது என்று அவர் சொன்னபடி, சமவெளியில் மெதுவாக ஓட்டிப் பழக்கினோம். சைக்கிள்காரர்கள்கூட நம்மை முந்திப் போனார்கள். நீ தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மகாராணி மாதிரி போனாய். அந்த எஞ்சின் ஒரு பிசிறு இல்லாமல் பாடியது.

ஏறிய அன்று கல்லாறு தாண்டினோம், பர்லியாறும் தாண்டினோம். அதற்கப்புறம் வண்டி இரும ஆரம்பித்தது. காட்டேரி வருவதற்குள் பின்னால் கரும்புகை. குன்னூரைத் தொடும் முன்பே ஒரு டீக்கடை வாசலில் நின்றுவிட்டது. நீ இறங்கி பிளக்கைக் கழட்டினாய். அதுதான் இந்தப் பிளக். கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. ஒரு பிக்கப் வேனில் கயிறு கட்டி வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வந்தாய். வீட்டு வாசலில் இறங்கி, "இழுத்துட்டு வந்தது ஏறுனதுல சேராது" என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்தச் சாமிநாதனை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

நீ போன் செய்ததும், மறுநாள் காலை பஸ்ஸிலேயே அவர் வந்து இறங்கினார். மஃப்ளர் சுற்றி, நடுங்கிக்கொண்டு, கையில் உன் பேர் ஒட்டிய தகரப் பெட்டியோடு. கொட்டகையில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழட்டிப் பார்த்தார், மாட்டினார், மறுபடி கழட்டினார். "கீழ தேனாட்டம் ஓடுச்சுங்களே" என்று அவருக்கே புரியவில்லை. சாப்பாட்டு நேரமாகியும் நான் எதுவும் கொண்டுவரவில்லை என்று நீ சத்தம் போட்டாய். உன் அடுப்படியிலிருந்து நான் கடுப்பில் கத்தினேன்: "கோயமுத்தூர்ல ரெண்டு விசிலுக்கு வேகற பருப்பு இங்க எத்தன விசில் விட்டாலும் முழிச்சுட்டே நிக்குது. மலக் காத்துக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "காத்துத்தானுங்க!" உள்ளே பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு, எஞ்சினைப் பிரித்தபோது புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிடச் சிறியதாக இருந்திருக்கிறது. யாரோ தப்பாக மாற்றிவைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, சரியான அளவில் புதியது போட்டிருக்கிறார். மேலே காற்று மெலிசு, பெட்ரோலும் குறைவாகத்தான் போக வேண்டும். அதற்காக உன் அப்பாவோ அந்த மேனேஜரோ வேண்டுமென்றே மாட்டிவைத்திருந்த சின்ன ஜெட்டை, தப்பில்லாததைத் தப்பென்று நினைத்துத் திருத்திவிட்டார். இங்கே வந்து பருப்பு வேகவில்லை என்று முழிக்கும் சமவெளிச் சொந்தக்காரர்களைக் காலமெல்லாம் கேலி செய்த நமக்கும் அது தோன்றவில்லை.

"என்ற தப்புத்தானுங்க. இப்பத்த வண்டியெல்லாம் தானே காத்துக்குத் தக்கன மாத்திக்குது. அந்தப் பழக்கத்துல யோசிக்காம விட்டுப்போட்டேன்" என்றபடி தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் அந்தப் பழைய ஜெட்.

மாட்டினார். எஞ்சின் பாடியது.

அவர் போன பிறகு நீ படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "நான் என்ன, தப்பே பண்ணாத ஆளையா தேடுனேன்? கழட்டுனத எறியாத ஆளத்தான புள்ள தேடுனேன்." அந்தக் கறுப்புப் பிளக்கை எடுத்துவந்து என் ஜன்னலில் வைத்தவள் நீதான். "இதையும் எறியாத. கறுப்பா இருந்தா அதிகமாத் தின்னுருக்குன்னு அர்த்தம், வெளுப்பா இருந்தாப் பட்டினி. பால் ஊத்துன டீ நெறத்துல இருந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் கீழே இறங்கி மறுபடி ஏறினோம். நான் வழக்கம்போல எல்லா வளைவிலும் கண்ணை மூடியிருந்ததால், நீ மலையேறியதை நான் பார்க்கவே இல்லை, கேட்டேன். ஊட்டிக்கு முந்தின லவ்டேல் தாண்டியதும் நீ விட்ட கூச்சலையும் கேட்டேன்.

மழைக்காலம் முடிந்து உன் வால்வு ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறக்கும் முன் நீ உன் கேள்வியைக் கேட்டாய். எனக்கு உயிரே போயிற்று. "திருப்பி அனுப்புனது உண்டுங்களா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழட்டினார். "உங்களத்தானுங்கம்மா அனுப்பப் போறேன். இந்த நெலமையில கத்தி வெச்சா நீங்க தாங்க மாட்டீங்க. மாத்திரையில எவ்வளவு நாள் நல்லா வெச்சுக்க முடியுமோ, நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

வண்டியில் ஏறி உட்கார்ந்து நீ சாவியைத் திருகவில்லை. "நல்ல ஷாப்பு புள்ள" என்றாய். நான் நடுரோட்டில் ஓவென்று அழுதேன். நீ என் முதுகைத் தடவினாய். யார் யாருக்குத் தேறுதல் சொல்வது என்றே இல்லாமல் போயிற்று.

வண்டி எனக்குத்தான் என்று நீ சொன்னபோது, எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன். "அதனாலதான். தெரிஞ்சவங்க கையில குடுத்தா எஞ்சின மாத்திப்போடுவாங்க." போகிற காலத்திலும் உன் வாய் போகவில்லை. நீ போன பிறகு அந்தக் கொட்டகைக் கதவைத் திறக்கவே எனக்குப் பல மாதம் ஆயிற்று. உன் ஸ்கார்ஃப் சீட்டிலேயே கிடந்தது. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு ஆசை. இரண்டையும் இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

அப்புறம் டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்ததே அன்றைக்குத்தான். போன வாரம் எண்ணெய் லேசாகக் கசிகிறது என்று வண்டியை லாரியில் சாமிநாதனிடம் அனுப்பினேன். வேறு ஷாப் பார்க்கத் தோன்றவில்லை. நேற்று முன்தினம் போன் செய்தார். "ரெடியாயிருச்சுங்கம்மா. ஓட்டிட்டுப் போக டிரைவர அனுப்பறீங்களா?"

"நானே வர்றேனுங்க" என்றேன்.

நேற்று உன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு கல்லாறிலிருந்து ஏறினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். முதல் வளைவு வந்ததும் கண் தானாக மூடப் பார்த்தது. ஓட்டுகிறவள் எப்படி மூடுவது? எல்லாவற்றையும் பார்த்தேன். நீ பார்க்கச் சொன்னது எதுவென்று இப்போதுதான் தெரிகிறது. நாம் நின்றுபோன அந்த டீக்கடையைத் தாண்டும்போது அழுதேன், ஆனால் வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து, சூடு ஆறியதும், நீ காட்டித்தந்தபடி பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். பால் ஊற்றிய டீ நிறம்.

இதுதான் சேதி. இழுத்துக்கொண்டு வரவில்லை. ஏறித்தான் வந்தேன்.