கதிர் எரித்த ரத்தம்

தம்பி,

இன்றைக்கு உன் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, காலேஜில் ரத்தம் கொடுத்து நீ வாங்கிய அட்டை கிடைத்தது. ஓ பாசிட்டிவ். என் குரூப். பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் அப்படியே கிளம்பிவிட்டது.

உனக்கு ரத்தப் புற்றுநோய், கூடப்பிறந்தவர்களின் ஸ்டெம் செல் வேண்டும் என்று சென்னை டாக்டர் சொன்ன அன்றே, கொடுக்கப்போவது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் சுமந்தவள் நானல்லவா? எலும்பிலிருந்து எடுப்பார்களாம் என்று கேள்விப்பட்டு, சாயல்குடிக் கருப்பட்டியும் கேப்பைக் களியுமாக ஒரு மாதம் தின்று எலும்பைத் தேற்றினேன். பரிசோதனையில் பொருந்தியதோ நம் தங்கச்சிக்கு! ஒருநாளாவது உனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருப்பாளா அவள்? நீ வேறு, "யக்கா, மிச்சக் கருப்பட்டிய அவகிட்ட குடு, அவளுக்குத்தான் இப்பத் தெம்பு வேணும்" என்றாய். கொடுத்தேன். மனசாரக் கொடுக்கவில்லை.

முதலில் உனக்குக் கதிர்வீச்சு மருந்து ஏற்றினார்கள். நேரே எலும்புக்குள் போய்ப் பழைய மஜ்ஜையை அழிக்கும் புது வைத்தியமாம். பயந்து நின்ற எனக்கு நீதான் விளக்கினாய்: "மொளகா நடுறதுக்கு முன்னாடி கோரையப் புடுங்கிப் போடுவோம்ல, அதேதான்க்கா. எடம் காலியானாத்தான் புதுசு வேர் புடிக்கும்." உடம்பில் கதிர் இருக்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று கதவை மூடிவிட்டார்கள். சொன்னால் திட்டுவாய், அந்த நாட்களில்தான் எனக்கு நிம்மதி. அவளுக்கும் உள்ளே அனுமதியில்லை.

பிறகு அவளுடைய ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள்; பிழைத்து வந்தாய். சில மாதங்களில் உன் ரத்த வகையே மாறி அவளுடைய பி பாசிட்டிவ் ஆகிவிட்டது. "இனி என் ஒடம்புல ஓடுறது அவ ரத்தம்க்கா" என்று சிரித்தாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. நீ நன்றாக இருந்ததே இரண்டு வருஷம். அதில் இரண்டு நாளை வீணாக்கினேனே, பாவி.

நோய் திரும்பி நீ போனபோது, "என் ரத்தம் போகுதே" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையின் மேலும் எனக்குப் பொறாமை. அப்படிச் சொல்லி அழ எனக்கு உரிமையில்லையே.

இந்த அட்டை இப்போது என் மடியில் கிடக்கிறது. நீ பிறக்கும்போது கொண்டுவந்த ரத்தத்தைக் கதிர் அழித்துவிட்டது என்றார்கள். முழுக்க அழியவில்லை, தம்பி. அதே ஓ பாசிட்டிவ் என் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் மட்டும் அவளுக்குப் பங்கு தரமாட்டேன்.

அக்கா