இஸ்திரி போட்ட நாவல்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் அவன் மனைவியும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். குட்டிப்பயலுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், நேற்று உன் தம்பியின் செருப்பு வாரை வாயில் வைத்துக்கொண்டிருந்தான், உன் தம்பியோ பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் ருசி பார்க்கட்டும்மா என்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகியும் பொறுப்பு வரவில்லை, குழந்தை பிறந்தும் வரவில்லை, இனி எப்போது வருமோ. குளியலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. என் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, அதற்குக் களிம்பு தடவுகிறேன், நீ கவலைப்படாதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ள ஒரு மனுஷி வந்து உட்கார்ந்ததில்லைம்மா, மாசக் கடைசியில வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்றாய். நீ வரைபடம் போடும் ஆபீஸில் எல்லாரும் சனிக்கிழமைகளில் திடீர் திடீரென்று கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்புகிறார்களாம், உன்னையும் கூப்பிடுகிறார்களாம், நீ போவதில்லையாம். ஏண்டி போகலை என்று கேட்டேன். நீதானே பஸ் ஸ்டாண்டுல வெச்சு யார்கிட்டயும் ரொம்ப ஒட்டிக்காதே, நீயுண்டு உன் வேலையுண்டுன்னு இருன்னு சொன்னே, அப்படியேதான்மா இருக்கேன் என்றாய். நீ குற்றமாகச் சொல்லவில்லை, சமர்த்தாகச் சொன்னாய். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது, உனக்கு அதை நான் சொன்னதே இல்லை. உன் அப்பா எங்கள் மருத்துவமனையிலேயே படுத்திருந்த அந்த ஐந்து மாதமும் நான் கீழே துணி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படுத்திருந்த வார்டின் விரிப்பும் என் கைக்குத்தான் வரும். எல்லாரும் வந்து வந்து கேட்பார்கள், எப்படியிருக்கார், டாக்டர் என்ன சொன்னார், ஐயோ பாவம் உனக்கு இப்படி வரணுமா என்று. அவர் போனபிறகும் அந்த ஐயோ பாவம் நிற்கவில்லை. ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு துவைத்த விரிப்புகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பதினொரு வருஷமாகப் பழகிப்போய்விட்டது. அதையே ஏதோ பெரிய புத்திமதி மாதிரி உன் பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டேன்.

இப்போது முந்தாநாள் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் துவைக்கும் இடத்தில் பாய்லர் வெடிக்காத குறையாகக் கெட்டுப்போனது, வெந்நீர் இல்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் நூற்றிருபது விரிப்புகள் இரவல் வாங்கி ஓட்டினோம். பாய்லர் சரியானதும் அதையெல்லாம் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க நான்தான் போயாக வேண்டும். மூட்டை தூக்க எங்கள் துணி அறை இஸ்திரிக்காரர் வந்தார். மருந்தகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் அம்மாள், அவளும் அங்கே ஏதோ மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏறிக்கொண்டாள். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், ஒண்டிக்கட்டை, வந்து இரண்டு மாதமாகியும் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. வேன் ஓட்டுகிறவரை எல்லாரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு மெதுவாக ஓட்டுவார், சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப்போகும்போது கையசைத்துவிட்டுப் போவான்.

ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான், வேன் காலி, யாருக்கும் அவசரமில்லை, அவசரத்துக்கே இல்லை. பாதி வழியில் இடப்பக்கம் ஒரு சின்ன ரோடு பிரிகிறது. அங்கே அவர் வேனை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, பத்தொன்பது வருஷமா இந்த வழியில போய் வரேன், இந்த ரோடு எங்க போய் முடியுதுன்னு இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்ல, பார்த்துடலாமா என்றார். என் வாயில் வேண்டாம் என்பது தயாராக வந்துவிட்டது. அதற்குள் அந்த மருந்தகத்து அம்மாள், போலாமே, எனக்கு வீட்டுக்குப் போனா சுவரைத்தான் பார்க்கணும் என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் என் சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது, உடனே நீ அங்கே பார்த்துக்கொண்டிருக்கும் சுவரும் வந்தது. சரி, போங்க என்றேன். இஸ்திரிக்காரர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஜுரமா என்று கேட்பதுபோல.

போகிற வழியில் பேச்சு புத்தகத்துக்கு வந்தது. உனக்குத்தான் தெரியுமே, வீட்டுக்குப் போகிற நோயாளிகள் தலையணைக்கடியில் மறந்துவிட்டுப் போகிற புத்தகங்கள் விரிப்போடு சுருட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிடும். மூன்று மாதம் வைத்திருந்து யாரும் தேடி வராவிட்டால் நான் படிப்பேன். போன வருஷம் ஒரு நாவல் தலையணை உறைக்குள் இருந்தது தெரியாமல் ஊறவைக்கும் தொட்டிக்குள் போய்விட்டது. எடுக்கும்போது பசை விட்டுத் தாள்தாளாகப் பிரிந்து மிதக்கிறது, பக்க எண் இருக்கும் அடி ஓரமெல்லாம் கரைந்துபோய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. இஸ்திரிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போய், கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி, மத்தியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு தாளுக்கும் மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டு, அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். அதைப் படித்தேன். படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் இரண்டு சகோதரிகள் கதை. நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதைச் சொன்னதும் மருந்தகத்து அம்மாள் துள்ளிவிட்டாள், எனக்கும் அதுதாங்க உயிர், நாலு தடவை படிச்சிருக்கேன் என்று. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. அதில் மூத்தவளின் புருஷன் வெள்ளத்தில் இறந்துபோய் அடக்கமெல்லாம் ஆகிவிடும், அடுத்த பக்கத்திலேயே அவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு அவளைக் கேலி பேசிக்கொண்டிருப்பான், கொஞ்சம் தள்ளி இருவருக்கும் கல்யாணம் நடக்கும், பிறகு மறுபடி அவன் இல்லாத வீடு வரும். எழுதினவங்க யாரோ தெரியலை, ஆனா இது அனுபவிச்சவங்க எழுதினது, போனவங்க இப்படித்தான் போவாங்க, நடுநடுவுல வந்து டீ குடிச்சிட்டுப் போவாங்க, எங்க வீட்டுக்காரர் எனக்கு அப்படித்தான் என்றேன். சொன்னபிறகுதான் என் வாயிலிருந்து உன் அப்பா பேச்சு வந்துவிட்டது எனக்கே உறைத்தது. பதினொரு வருஷத்தில் அங்கே ஒருவரிடமும் நான் அவரைப் பற்றிப் பேசினதில்லை. அந்த அம்மாள்தான் தயங்கித் தயங்கி, இல்லீங்களே, அவன் கடைசி அத்தியாயத்துலதானே சாகறான், கல்யாணம் முதல்லயே வந்துடுமே என்றாள். நான் இல்லை என்கிறேன், அவள் ஆமாம் என்கிறாள், அவசரம் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இன்னும் மெதுவாக ஓட்டுகிறார்.

கடைசியில் இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா கோவிச்சுக்காதீங்க, பாதித் தாள் ஃபேன் காத்துல பறந்து கலைஞ்சுபோச்சு, நம்பரும் இல்ல, எனக்கு எழுத்தைவிடக் கறைதான் நல்லாத் தெரியும், ஜன்னல் திரையை ஜோடி சேர்ப்போமே, அந்த மாதிரி கறையோட கறை பொருந்தற மாதிரி அடுக்கிட்டேன் என்றார். கண்ணு, நான் ஒரு வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாவலை எழுதியதில் பாதி எங்கள் இஸ்திரிக்காரர். எனக்கு அசடு வழிந்தது. பிறகு மருந்தகத்து அம்மாளுக்குச் சிரிப்பு வந்து எனக்கும் தொற்றிக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்க கதைதாங்க நல்லாயிருக்கு, அதைக் கொஞ்சம் எனக்கும் படிக்கக் கொடுங்க என்றாள். ஐயோ பாவம் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அப்படி நடுநடுவில் வந்து போகிற ஒருவர் இருந்திருப்பார் என்று தோன்றியது, நான் கேட்கவில்லை, அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்வேன்.

அந்த ரோடு ஒரு பெரிய ஏரிக்கரையில் போய் முடிந்தது, அவ்வளவுதான், ஒன்றும் அதிசயமில்லை. கரையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை, நாலு பெஞ்சு. ஏரியில் பிடித்த மீனைப் பொரித்து, ரொட்டியைக் கல்லில் போட்டுச் சூடாக்கி, தக்காளியும் வெங்காயமும் நறுக்கி வைத்தார்கள். நான் பழக்கதோஷத்தில் என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். அவசரம் சும்மா இருப்பாரா, ஏரிக்குப் பசிக்கலைங்க, எங்களுக்குத்தான் பசிக்குது, டப்பாவை நடுவுல வைங்க என்றார். வைத்தேன். என் உருளைக்கிழங்குப் பொரியலை மூன்று பேரும் வழித்துத் தின்றுவிட்டார்கள், எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, நான் மீனும் ரொட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். மீன் உனக்குப் பிடிக்கும்படி மொறுமொறுப்பாக இருந்தது என்று எழுத வந்தேன், பிடிக்குமா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த அம்மாள் உன்னைப் பற்றிக் கேட்டாள். வெளியூரில் இருக்கிறாள், வரைபடம் போடுகிறாள், கெட்டிக்காரி என்று பெருமையாகச் சொன்னேன். அவ என்ன படிப்பா, அவளுக்குப் பிடிச்ச புத்தகம் எது என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றாள். நீ பத்து வயதில் கேட்டுக் கேட்டுத் தின்றதைச் சொன்னேன், இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று தெரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பதுதானே. எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. நீ சின்ன வயதில் போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு படிப்பாய், கண்ணு கெட்டுப்போகும் அணை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், என்னடி புத்தகம் அது என்று ஒரு தடவை கேட்டதில்லை. மற்றவர்களிடம் ஒட்டாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பெற்ற பெண்ணிடமும் அப்படியே இருந்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைவு. உன் ரூமுக்கு யாரும் வரவில்லை என்றாயே, நானும்தான் வரவில்லை, போனில்கூட வாசலில் நின்றே பேசிவிட்டுப் போயிருக்கிறேன். அம்மாவை மன்னித்துக்கொள்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை, இதுவரை சொன்ன புத்திமதியே போதும். இங்கே வரவேண்டும் என்று இருந்தால் வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது, ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் பஸ் ஸ்டாண்டில் சொன்னது தப்பு, அதை நம்பித் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, அலுத்துப்போய் வராதே. அடுத்த சனிக்கிழமை அவர்கள் கூப்பிட்டால் ஒரே ஒரு தடவை போய்ப் பார். எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறு. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டிக் கடிதம் எழுது, அதையும் ஆசையாகப் படிப்பேன்.

மழை நாளில் குடையை மறக்காதே, நீ மறப்பாய். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு எல்லா நல்லதும் நடக்கட்டும், உன் பக்கத்தில் எப்போதும் நல்ல மனிதர்கள் இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் பதில் போடு, போன் வேண்டாம், எழுது. இப்போது என்ன புத்தகம் படிக்கிறாய், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், ஆபீஸில் உன் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள், எதற்குச் சிரிப்பாய். உனக்கு முப்பத்தோரு வயது ஆகிவிட்டது, இனிமேலாவது உன்னோடு பழக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா