வழியில் போட்ட கொப்பு

ஐப்பசி 9, ஞாயிறு.

படுத்தும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

காலையில் பிளவக்கல் பக்கம் காட்டுப் பாதையில் சைக்கிள் விட்டோம். நான் முன்னால், கூட்டாளி கார்த்தி நடுவில், என் தங்கை செல்வி கடைசியில். பாதை பிரியும் இடத்தில் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்து இடதுபக்கம் குறுக்கே போட்டேன். கொப்பு கிடக்கும் வழியில் போகக் கூடாது. இங்கே காட்டுக்குப் போகிறவர்கள் அதை நம்பித்தான் பின்னால் வருவார்கள். செல்வியும் நம்பித்தான் வந்தாள். கொப்பு இல்லை. அகலமாகத் தெரிந்த இடதுபக்கம் திரும்பி, பாறை ஓடையில் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

"ஏலே, நான் போட்ட கொப்பு எங்க?" என்று கார்த்தியைக் கேட்டேன்.

"வீடியோவுக்கு மறைச்சுச்சு. தூக்கி எறிஞ்சுட்டேன்."

வெளியூர்க்காரன் என்றால் விட்டிருப்பேன். இவன் செட்டியார்பட்டிக்காரன். அப்பாவோடு ஆடு பத்திக்கொண்டு இதே காட்டுக்குள் போனவன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "ஒரு கொப்புக்கா இம்புட்டுக் கோவம்?" என்கிறான். கை ஓங்கிவிட்டேன்.

"விடுண்ணே, தெரியாம செஞ்சுட்டான்" என்று செல்விதான் தடுத்தாள்.

தெரியாமலா?

இப்போது அந்த வீடியோவைப் போட்டிருக்கிறான். இரண்டு வழியும் பளிச்சென்று தெரிகிறது. முதல் லைக் செல்வியுடையது. வலது கையில் கட்டு. இடது கையால் போட்டிருப்பாள்.