அக்காவின் கைக்கு எந்தச் செருகி

செப்டம்பர் 3, செவ்வாய்

லியுப்லியானாவிலிருந்து அலுமினியத் தகடு வந்துவிட்டது. நானும் அக்காவும் செய்யும் சிந்தசைசருக்கு, அந்த மின்னிசைக் கருவிக்கு, துளை போடுமுன் வயர்களுக்கு எந்தச் செருகி என்று முடிவுசெய்தாக வேண்டும். பெரியதா, சின்னதா? பெரியதன் பிடி கட்டைவிரல் பருமன். ஒன்றின் தலையிலேயே இன்னொன்றைச் செருகலாம். சின்னது ஹெட்போனுக்கு இருப்பது போல; நெருக்கி வைக்கலாம், மரிபோர் சிந்தசைசர் மன்றத்தில் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நெவென்கா அக்கா பெரியதைக் கேட்கிறாள். "சின்னது என் கைக்கு நிக்காதுடா, ததேய்." போன வருடம் விரலில் ஆரம்பித்த நடுக்கம் இப்போது வலது கை முழுக்க.

செப்டம்பர் 7, சனி

சின்னதை வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் காளான் சூப். "பெரியது கடையில இல்லக்கா, எப்ப வரும்னும் தெரியாதாம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது! "அதனால என்ன, பழகிக்கறேன்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கடையில் பெட்டி பெட்டியாக இருந்தது. மன்றத்தின் நவம்பர் நிகழ்ச்சியில் மற்றவர்களின் மெஷினோடு இணைக்க வேண்டும் — அது காரணம்தான். முழுக் காரணமா? அந்த மேடையை நினைக்கும்போதெல்லாம் நான் மட்டும்தான் தெரிகிறேன். சர்க்யூட் மொத்தமும் அவள் வரைந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

முதல் சத்தம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். வயரைத் துளைக்கு நேரே கொண்டுபோனாள். தகட்டில் டக் டக் டக் என்று தட்டியது. மறுபடியும். நான் வாங்கிச் செருகினேன்.

"நீயே வாசி. நான் கேக்கறேன்."

கிளம்பும்போது அவள் கோட்டை மாட்டிவிடப் போனேன். வேண்டாம் என்றாள். பொத்தான் போட வெகுநேரம் ஆயிற்று.

அக்டோபர் 2, புதன்

அக்கா போன் செய்தாள். பெரியது வந்துவிட்டதா என்று கேட்க அவளே கடைக்குப் போயிருக்கிறாள்.

"தீரவே இல்லையாமேடா. கடைக்காரர் என்னைப் பாத்து முழிக்கறாரு."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"கை ஆடறவளுக்கு மேடை எதுக்குன்னு நெனச்சிட்டியா?"

இல்லை என்று சொல்லத்தான் வந்தது. "ஆமாக்கா" என்றேன். வைத்துவிட்டாள்.

சே. அவ கையப் பாத்துட்டேதானே பண்ணினேன். என்ன மனுஷன் நான்?

அக்டோபர் 5, சனி

அக்கா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

எல்லாவற்றையும் கழற்றினேன். பெரிய செருகிக்காகத் துளையைப் பெரிதாக்கினால் பக்கத்துத் துளையில் முட்டுகிறது. ஒன்றுவிட்டு ஒன்றுதான் பயன்படும். நான் ஆசைப்பட்டுச் சேர்த்த வசதிகளில் பாதி போயிற்று. போகட்டும். மற்ற மெஷின்களோடு சேர ஒரு சின்ன இணைப்புப் பெட்டி போதும். ஒரு மாலை வேலை. அவ்வளவுதான் இருந்திருக்கிறது!

மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலில் போய் மணியடித்தேன். மூடாமல் விட்ட ஓட்டைகளைப் பார்த்தாள். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. உள்ள வச்சிட்டுக் கிளம்பு."

நவம்பர் 16, சனி

மன்றத்தில் அக்கா வாசித்தாள். மெஷினைத் தூக்க மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

நடுவே ஒரு செருகி துளையில் இறங்காமல் தட்டிக்கொண்டே நின்றது. யாரும் அசையவில்லை. என் கை தானாக நீண்டது.

"கைய எடுடா." ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் — அவர்களைப் பார்த்து. அடுத்த முறை செருகி இறங்கியது. கனத்த சத்தம் ஒன்று தரையிலிருந்து எழும்பி வந்தது.

முடிந்ததும் மெஷினைக் காரில் ஏற்றினேன். எங்கே இறக்க என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் வீட்டிலேயே அதை இறக்கிவிட்டு வந்தேன்.