பின் சக்கரத்தில் ஒரு முனகல்

என் உயிரான சவரி அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் குடும்பத்திடம் நீ வாங்கினாயே, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கிற அந்த ரெட்டை சைக்கிள் இன்னும் ஓடுகிறது. முன்னால் உன் இடத்தில் இப்போது பிலோமினா அண்ணி. பின்னால் எப்போதும்போல ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நான். நம் கம்பெனியிலேயே, உனக்குப் பதிலாக, அண்ணிக்குக் கேண்டீனில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை தெருவே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு கேவலமான பயந்தாங்கொள்ளி என்பது தெரியாது.

போன திங்கட்கிழமை பின் சக்கரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. இரண்டு பேரும் ஏறி அழுத்தி மிதித்தால் வரும், இறங்கித் தள்ளினால் வராது. டேங்கர் லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு அது. சக்கரம் கழன்றால் அண்ணியின் கதி என்ன? ஆனாலும் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை, அண்ணே.

ஏன் தெரியுமா? சைக்கிளே வேண்டாமென்று அண்ணி எண்ணூரில் அம்மா வீட்டோடு போய்விட்டால்? அங்கிருந்தும் வேலைக்கு வரலாம். பஸ் படியில் தொங்க எனக்கு ஏது கால்? என் பிழைப்புக்காக உன் பெண்டாட்டியின் உயிரோடு விளையாடினேன். இதை வேறு யாரிடம் சொல்வேன்?

ஐந்தாம் நாள் பொறுக்கமுடியாமல் காதர் பாயின் சைக்கிள் கடையில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"இன்னா நைனா, காதுல பூச்சி கீச்சி பூந்துகினுச்சா? வீலு சோக்கா சுத்துது."

செயினுக்கும் பெடலுக்கும் எண்ணெய் விட்டார். ஏறி மிதித்தோம், மறுபடி முனகல். கடைசியில் அவரையும் அண்ணியையும் சைக்கிளில் உட்காரவைத்து, தூணைப் பிடித்துக்கொண்டு ஆடச் சொன்னேன். நான் தரையில் படுத்துச் சக்கரத்தில் காதை வைத்தேன். சத்தம் நட்டநடுவே, கம்பிகள் வந்து சேரும் ஹப்பிலிருந்து வந்தது.

அங்கேதான் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையை அண்ணி சிலுவையாக மடித்து இறுகக் கட்டியிருந்தார். நீ அதை ஹேண்டில்பாரில் கட்டுவாய். "முன்னாடி குந்தினுகீற எனக்கு பின்னாடி இன்னா ஆவுதுன்னு தெரியாது. அது உன்னாண்டயே இருக்கட்டும் தம்பி" என்றார் அண்ணி அன்றைக்கு. மந்திரித்த ஓலையாயிற்றே என்று காதர் பாயும் கை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அண்ணியே அவிழ்த்தார். கடல்காற்றின் ஈரத்தை ஓலை அப்படியே பிடித்து வைத்திருந்தது. அடியில் துரு. துருவுக்கு நடுவே, போக்ஸ் கம்பிகள் கோத்திருக்கும் ஹப்பின் விளிம்பில், மூன்று துளைகளை இணைத்து ஒரு விரிசல். கம்பிகள் பிய்த்துக்கொண்டு வரத் தயாராக இருந்தன. காதர் பாய் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் மிதிச்சிருந்தீங்க, லாரிக்கு அடியிலதான்."

மூட்டை ஏற்றுகிற சைக்கிளின் கனத்த ஹப்பைப் போட்டு, தடித்த கம்பிகளைக் கோத்துக் கொடுத்தார். இப்போது சத்தம் இல்லை. ஆனால் என் மனசு கேட்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட்டேன். திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன்.

அண்ணி திரும்பியே பார்க்கவில்லை. "எனக்கும் மொத நாளே கேட்டுச்சு தம்பி. சொன்னா நீ பயந்துகினு சைக்கிளை வுட்டுட்டு என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவ. அப்பால நான் யாருக்கோசரம் அங்க இருக்கறது?"

ஒரே சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருக்கமாட்டாயா?

உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். இனி பயம் வந்தால் முதலில் அண்ணியிடம் சொல்வேன். அப்புறம்தான் உன்னிடம்.

உன் பின்சீட்டுத் தம்பி,
அந்தோணி