பதினோரு தடவை கேட்டேனாம்

பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவுக்குப் போட எடுத்த தாள்கட்டில், எப்போதோ நீ இங்கே விட்டுப்போன காலேஜ் ரெக்கார்ட் நோட்டு கிடைத்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பரிசோதனை. சப்ஜெக்ட் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து. ஒத்துழைத்தாளாம், ஆனால் ‘எதுக்கு இது?’ என்று பதினோரு தடவை கேட்டாளாம். அத்தனை தடவை இருக்காது. நீ கூட்டி எழுதியிருப்பாய்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நமக்கு ஒரே மாடிப்படி. நீ படித்தது சைக்காலஜி. உன் பிராக்டிகலுக்கெல்லாம் அகப்பட்டவள் நான். பாடத்தையும் என் காதில்தான் ஓதுவாய். புறா பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். எப்போது விழும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்தும். தானியத்தை அடியோடு நிறுத்தினால், கடைசியில் கொத்துவதும் நின்றுவிடும். “அரே, மனுஷங்க மட்டும் என்னவாம்?” என்றாய். அன்றைக்கே உன்மேல் ஒரு சந்தேகக் கண் வைத்துவிட்டேன்.

போன வருடம் சில சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தாய், சில சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தாய். கேட்டால், “ஒரு வேலைடீ, விடு” என்பாய். எனக்குப் புறா ஞாபகம் வந்தது. இவள் என்னை ஏங்கவைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் அதற்குச் சாட்சி. நீ தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்ததுகூட எனக்குப் பகட்டாகத்தான் தெரிந்தது. நம்பியதற்கு மட்டும் சாட்சி தேடும் இந்தக் கோளாறும் உன் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பாடத்தை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

தானியத்தை நிறுத்தினேன். நீ போன் செய்தால் எடுக்கவில்லை. முதல் வாரம் ஆறு அழைப்பு, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. பாடம் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

உன் அண்ணன் என் வீட்டுக்கே வந்து, நீ போய்விட்டதைச் சொன்னார். நீ வராத சனிக்கிழமைகளில் உனக்குக் கீமோ நடந்ததாம். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

“ஏம்மா அழற? அவளுக்கு உன்மேல கோவமே இல்ல. ‘அவ அப்படித்தான், சந்தேகம் தீர்ந்தா தானா வருவா’ன்னு சொல்லிட்டே இருந்தா” என்றார் அண்ணன்.

நீ நிஜமாகவே அப்படிச் சொன்னாயா? இல்லை, என்னைத் தேற்ற அவரே அந்த நிமிஷத்தில் கட்டிய பேச்சா? அவருக்குப் பொய் சொல்ல வராது. இன்னொரு தடவை கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார், டீ குடிக்கிறார். நான் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கேட்காமல்.